மலைமேல் நான்கு அறைகள்: பிரிஞ்சாங்கிலிருந்து ஒரு கணக்கு

அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணுக்கு மலேசியச் சட்டம் முதலில் தருவது 7 நாள். அதற்குப் பெயர் அவசரப் பாதுகாப்பு ஆணை. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதில் 2017இல் செய்த திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் அமலானபோதுதான் இந்த ஆணை பிறந்தது. சமூக நல இலாகா அதிகாரியிடம் விண்ணப்பித்தால் 2 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். போலீஸ் ரிப்போர்ட் முன்கூட்டியே தேவையில்லை. ஏழு நாள் முடிவதற்குள் போலீசில் புகார் செய்து இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்கு வழி செய்துகொள்ளலாம். விசாரணை முடியும்வரை அது நிற்கும். வழக்கு நீதிமன்றம் ஏறினால் 12 மாதப் பாதுகாப்பு ஆணை கிடைக்கும். தேவைப்பட்டால் இன்னொரு 12 மாதம் நீட்டலாம்.

எல்லாம் சேர்த்தால் இரண்டு ஆண்டுக்கு மேல் சட்டத்தின் காவல் இருக்கிறது. ஆனால் முதல் நாள் இரவு எங்கே படுப்பது என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் மேலே இருக்கிறது. விடியற்காலையில் வெப்பநிலை 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை ஐந்தடியில் உட்கார்ந்து விடிய வைக்கக்கூடிய ஊர் அல்ல இது.

தூரத்திலிருந்து கணக்கைத் தொடங்குவோம். பிரிஞ்சாங்கிலிருந்து மாவட்டத் தலைநகரான தானா ராத்தா 5 கிலோமீட்டர். அரசு மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. தானா ராத்தாவிலிருந்து மலைப்பாதையில் தாப்பா சுமார் 60 கிலோமீட்டர். எதிர்ப்பக்கமாகக் கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ 90 கிலோமீட்டருக்குப் பக்கம். கோலாலம்பூர் 200க்கு மேல். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. அந்த மாநிலத் தலைநகர் குவாந்தானோ 300 கிலோமீட்டருக்குக் குறையாது. நிர்வாகத்தில் பகாங், பஸ் போவது பேராவுக்கு. பக்கத்து மாநிலத்து ஊர்தான் இந்தப் பெண்களுக்குக் கைக்கெட்டும் நகரம். இரவில் அதற்கும் பஸ் கிடையாது.

தேயிலைத் தோட்டத்துக்குள் இருப்பவளுக்கு இந்தக் கிலோமீட்டர்களோடு இன்னும் கொஞ்சம் கூடும். சுங்கை பாலாஸ் போன்ற தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரவே ஒரு வண்டி மட்டும் போகிற வளைவுப் பாதையில் இறங்க வேண்டும். வண்டி வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தார், கணவனோடு வேலை செய்பவர்கள், அவன் உறவுக்காரர்கள். யாரைக் கூப்பிட்டாலும் விஷயம் அரைமணியில் லயம் முழுக்கப் பரவிவிடும். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பும் பெரியவர்களும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். அந்த நல்லெண்ணம் எத்தனை பெண்களை அடிவாங்க அனுப்பியது என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

அடுத்தது வீடு. தோட்டத்து வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீடு போகும். பல இடங்களில் வீடு கணவன் பெயரில் பதிவாகியிருக்கும். அவளும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளாக இருந்தாலும்கூட. இந்த இடத்தில் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் மட்டும் அதில் குடியிருக்க நீதிமன்றம் ஆணையிடலாம். அடித்தவனை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்ணையும் பிள்ளைகளையும் உள்ளே இருக்க விடலாம். பிள்ளைகள் அதே தமிழ்ப்பள்ளிக்கு நடந்து போகலாம். இதைவிட மலிவான, நியாயமான ஏற்பாடு வேறு எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஆணை வீட்டின் உடைமையை மாற்றுவதில்லை. வீடு கம்பெனியுடையது. வெளியேற்றப்பட்டவன் வேலையை விட்டுவிட்டால், அவன் பெயரில் இருந்த வீட்டில் அவள் எந்த உரிமையில் தங்குவாள்? தோட்ட நிர்வாகம் மனம் வைத்து வீட்டை அவள் பெயருக்கு மாற்றினால் ஒழிய, நீதிமன்ற ஆணையைக் கையில் வைத்துக்கொண்டே அவள் மூட்டை கட்ட நேரும். பெயரை மாற்றிப் பதிவு செய்வதற்கு நிர்வாகத்துக்கு ஆகும் செலவு ஒரு தாள், ஒரு கையெழுத்து. இந்தக் கட்டுரையில் வரும் கணக்குகளிலேயே ஆகக் குறைந்தது இதுதான்.

இப்போது சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் நாள் கூலி 65 வெள்ளி 38 சென். சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோ சமூகக் காப்பீட்டுக்கும் சில வெள்ளி போகும். கையில் நிற்பது சுமார் 1,500.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை, இரண்டு பிள்ளைகள், மூத்ததற்கு 9 வயது, சின்னதற்கு 5. ராத்திரி அடிபட்டு வெளியே வந்துவிட்டாள், மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வேலைவாய்ப்புச் சட்டம் 1955இன் 15ஆம் பிரிவு சொல்வது: விடுப்புச் சொல்லாமல், தகுந்த காரணமும் தெரிவிக்காமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை ஒப்பந்தத்தை முறித்ததாகக் கருதலாம். நல இலாகா தந்த ஆணை 7 நாளுக்கு, வேலைச் சட்டம் பொறுப்பது 2 நாளுக்கு. அவள் ஆபீசுக்கு ஒரு போன் செய்தாலோ, தோட்டத்து கிராணிக்கு ஒரு வாட்சாப் செய்தி அனுப்பினாலோ இந்தப் பிரிவு அவளைத் தொடாமல் தடுக்கலாம். ஓடி வரும் நேரத்தில் இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அவளுக்கு என்னென்ன விடுப்பு இருக்கிறது? 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஆண்டு விடுப்பு 16 நாள், மருத்துவ விடுப்பு 22 நாள். குடும்ப வன்முறைக்கென்று தனி விடுப்பு மலேசியாவில் இல்லை. பிலிப்பைன்ஸ் 2004லேயே சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட பெண்ணுக்குச் சம்பளத்தோடு 10 நாள் தந்துவிட்டது. நியூசிலாந்து 2019 ஏப்ரல் முதல் 10 நாள் தருகிறது. அந்த 10 நாளை நம் தோட்டத்துக் கூலியில் பெருக்கினால் 653 வெள்ளி 80 சென். இந்தத் தொகைக்காக ஒரு தேயிலைக் கம்பெனியும் மூடப்போவதில்லை.

ஒரேயடியாக வேலையை விட்டுவிட்டு ஈப்போ பக்கம் போய்விடலாம் என்று அவள் நினைத்தால் இன்னொரு கணக்கு குறுக்கே வரும். 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர் விலக, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், 8 வார நோட்டீஸ் தர வேண்டும். தராவிட்டால் அத்தனை வாரச் சம்பளத்தை ஈடாகக் கட்ட வேண்டும்: 48 நாள் கூலி, 3,138 வெள்ளி 24 சென். அடி வாங்கியவளிடமே இப்படி ஒரு கடன் வந்து நிற்கிறது.

ஆனால் அதே சட்டத்தின் 14ஆம் பிரிவில், மூன்றாம் உட்பிரிவாக, ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. தொழிலாளியோ அவரைச் சார்ந்தவரோ வன்முறையாலோ நோயாலோ உடனடி ஆபத்துக்கு ஆளாகியிருந்தால், அந்த ஆபத்து வேலை ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டதாக இல்லாதபோது, நோட்டீஸ் இல்லாமலே விலகலாம். வன்முறை யார் கையிலிருந்து வரவேண்டும் என்று அந்த வரி சொல்லவில்லை. கம்பெனி கொடுத்த வீட்டுக்குள் கழுத்தை நெரிப்பவன் கணவன் என்பதால் அது வன்முறை இல்லை என்றாகிவிடுமா? தொழிற்சங்கங்கள் இந்த உட்பிரிவை அச்சடித்து லயத்துக்கு லயம் ஒட்ட வேண்டும் என்பது என் எண்ணம். பெண்ணின் பக்கம் நின்று வாதாட இது போதுமான ஆதாரம்.

கீழே இறங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு ஓர் அறையோ சின்ன வீடோ வேண்டும். மலேசியாவில் வழக்கம் எல்லோருக்கும் தெரியும்: 2 மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. வாடகை 600 வெள்ளி என்று குறைத்தே போட்டுக்கொண்டாலும் சாவி கைக்கு வர 1,200, 300, 600 ஆக மொத்தம் 2,100 வெள்ளி. அவள் கைக்கு வரும் சம்பளத்தில் ஒன்றரை மாதத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மேலே சொன்ன நோட்டீஸ் பணத்தையும் யாராவது கேட்டு வாங்கிவிட்டால் 5,238 வெள்ளி 24 சென். அதாவது பிடித்தம் போகாத முழுச் சம்பளத்தில் 3 மாதத்துக்கு மேல். பஸ் காசும் பால் மாவும் பள்ளிச் சீருடையும் இதில் சேரவில்லை.

சேமநிதியில் எடுக்கலாமே என்பார்கள். 2024 மே 11 முதல் சேமநிதியில் மூன்றாவதாக ஒரு நெகிழ்வுக் கணக்கு வந்திருக்கிறது. எந்த நேரமும் குறைந்தது 50 வெள்ளி எடுக்கலாம். உதவிதான், மறுப்பதற்கில்லை. 1,700 சம்பளத்தில் தொழிலாளி பங்கு 187, முதலாளி பங்கு 221, சேர்த்து மாதம் 408. அதில் 10 விழுக்காடு இந்தக் கணக்கில் விழும்: 40 வெள்ளி 80 சென். 2,100 வெள்ளி சேர 52 மாதம் ஆகும். நாலு வருடம் நாலு மாதம் அடி தாங்கினால் ஒரு வாடகை வீட்டின் முன்பணம் தேறும்.

இன்னொரு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு ஆணையை மீறும் கணவனுக்கு அதிகபட்ச அபராதம் 2,000 வெள்ளி, அல்லது 6 மாதச் சிறை, அல்லது இரண்டும். மீறும்போது அடித்தால் 4,000 வெள்ளி, அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். ஆணையை மீறுவதற்கு அவன் கட்டக்கூடிய முதல் அபராதத்தைவிட, அவனிடமிருந்து தப்பி ஒரு கதவுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு தூங்க அவள் கட்ட வேண்டியது 100 வெள்ளி அதிகம்.

தனியாக நின்றபின் மாதாமாதம் என்ன ஆகும்? 1,700 சம்பளத்தோடு நல இலாகாவின் பிள்ளைகள் உதவித்தொகையும் கிடைத்துவிட்டது என்றே வைப்போம்: 6 வயது வரை 250 வெள்ளி, அதற்கு மேல் 18 வயது வரை 200. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து 450. மொத்தம் 2,150. ஒரு சராசரிக் குடும்பத்துக்கு 2022இல் அரசு வகுத்த வறுமைக் கோடு 2,589 வெள்ளி. 439 வெள்ளி பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் பல பெண்கள் திரும்பிப் போகிறார்கள். ஊர் அதை "மனசு மாறிட்டா" என்று பேசுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர்களின் நிலை இன்னும் இறுக்கம். துணைவருக்கான நீண்டகால அனுமதியைப் புதுப்பிக்க மலேசியக் கணவன் கூடவே வந்து நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டும் பெரும்பாலும் அவன் பெட்டியில்தான். சட்டத்தின் பாதுகாப்பு குடியுரிமை பார்ப்பதில்லை. குடிநுழைவு முகப்பு பார்க்கிறது.

இதெல்லாம் எத்தனை பேருக்கு என்று கேட்டால், நாட்டுக் கணக்கு இது. போலீசில் பதிவான குடும்ப வன்முறைப் புகார்கள் 2010இல் 3,173. 2014இல் 4,807. 2016இல் 5,796. 2020இல் 5,260. 2021இல் 7,468, அதாவது நாளுக்கு 20. 2020இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய முதல் மாதங்களிலேயே மகளிர் உதவி அமைப்பின் தொலைபேசிக்கு வந்த அழைப்புகள் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தன. வீட்டுக்குள் பூட்டி வைத்தபோது அழுத குரல், கதவு திறந்தபின் ரிப்போர்ட்டாக மாறியது என்றே நான் இந்த 2021 எண்ணைப் படிக்கிறேன்.

புகார் செய்யாதவர்களையும் சேர்த்து எண்ண முயன்ற ஆய்வுகள் இரண்டு. மகளிர் உதவி அமைப்பு 1990களில் வெளியிட்டது, 1989இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 39 விழுக்காட்டினர், சுமார் 18 லட்சம் பேர், கணவனாலோ துணைவனாலோ அடிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் 2014ஆம் ஆண்டு ஆய்வு, தீபகற்பத்தில் துணைவர் இருந்த பெண்களில் 9 விழுக்காடு, 8 லட்சத்துக்கு மேல் என்றது. கேட்ட முறை வேறு, வரையறை வேறு. ஆகவே 39 ஒன்பதாகக் குறைந்தது என்று யாரும் கொண்டாட முடியாது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும், துணைவர் இருந்த 10,000 பெண்கள் உள்ள மலையில் 900 பேர். உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீடோ 15 முதல் 49 வயதுவரை 27 விழுக்காடு.

காப்பகம் என்ற எண்ணம் புதிதல்ல. 1971இல் லண்டன் சிஸ்விக்கில் தொடங்கியது முன்னோடி. மலேசியாவில் மகளிர் உதவி அமைப்பு 1982இல் தன் காப்பகத்தைத் திறந்தது. பினாங்கில் 1985 முதல் ஓர் அமைப்பு இயங்குகிறது, ஈப்போவில் 2003 முதல் பேராப் பெண்கள் அமைப்பு. எல்லாம் மலைக்குக் கீழே. இந்தியாவில் 2015 ஏப்ரலில் தொடங்கிய சகி மையங்கள் 5 நாள்வரை தங்க இடம் தருகின்றன; போதாது, ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கொள்கை சரியானது.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய மன்றம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: 10,000 பேருக்கு ஒரு குடும்பம் தங்கும் இடம். கேமரன் மலை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 39,000. அப்படியானால் 4 குடும்பத்துக்கு இடம். நான்கே அறைகள்.

அதற்கு என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். விலைகளை நானே அனுமானித்தேன், கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

வாடகை, 4 இடம், மாதம் 600 வீதம்: ஆண்டுக்கு 28,800 வெள்ளி.
இரவு பகல் காவலும் கவனிப்பும்: வாரத்துக்கு 168 மணி, ஒருவருக்கு 45 மணி, ஆக 4 பேர். சம்பளம் 81,600, சேமநிதியில் முதலாளி பங்கு 10,608.
சாப்பாடு, 12 பேருக்கு நாளுக்கு 10 வெள்ளி: 43,800.
தமிழும் மலாயும் பேசும் சமூகப் பணியாளர் ஒருவர், மாதம் 3,000; சேமநிதியோடு 40,680.
மொத்தம்: 2,05,488 வெள்ளி.

மாவட்டத்து மக்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு 5 வெள்ளி 27 சென். ஒரு குடும்பம் 3 மாதம் தங்கினால் ஆண்டுக்கு 16 குடும்பம். ஒவ்வொன்றுக்கும் 12,843 வெள்ளி. பிரிஞ்சாங்கில் ஹோட்டல்களுக்கு ஒன்றும் குறைவில்லை. 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணி ஒருவர் அறை எடுத்தால் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி கட்டுகிறார். இந்த மொத்தச் செலவும் 20,549 அறை-இரவுகளின் வரி. மலையைப் பார்க்க வருகிறவர்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி மலையில் வாழும் பெண்ணுக்குத் திரும்பி வருவதில் தவறில்லை.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. சின்ன ஊரில் காப்பகத்தின் முகவரி ரகசியமாக இருக்காது, கணவன் வந்து கதவைத் தட்டுவான். உண்மைதான். அதனால் மலைமேல் அறைகள் முதல் சில வாரத்துக்கு மட்டும் இருக்கட்டும். அந்த வாரங்களில் மருத்துவமனைச் சோதனை, போலீஸ் வாக்குமூலம், இடைக்கால ஆணை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாம் 5 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆபத்து பெரிதாக உள்ளவர்களை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்பலாம். அங்கிருந்து மறைந்து வாழ வேண்டியவர்களுக்கு மலை இடம் தரலாம். மாநில எல்லையைப் பார்க்காமல் பகாங்கும் பேராவும் இதற்கு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும்.

விவாகரத்துச் செலவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முஸ்லிம் அல்லாதோர் திருமணச் சட்டத்தில் முதல் 2 ஆண்டுக்குள் பொதுவாக மனுப் போட முடியாது. அதன்பிறகும், விதிவிலக்கான சூழ்நிலை என்று நீதிமன்றம் ஏற்காவிட்டால், சமரசக் குழு முன் போய் 6 மாதம்வரை காத்திருக்க வேண்டும். அடித்தவனோடு ஒரே மேசையில் உட்கார வைக்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் தோட்ட நிர்வாகத்தில் இருப்பவர்கள் இரண்டு காரியம் உடனே செய்யலாம். பாதுகாப்பு ஆணை பெற்ற பெண் தொழிலாளியின் பெயருக்கு வீட்டை மாற்றுங்கள். 10 நாள் சம்பள விடுப்பை, சட்டம் வரும்வரை காத்திராமல், நீங்களே அறிவியுங்கள். மாவட்ட மன்றமும் மக்கள் பிரதிநிதிகளும் வரும் வரவு செலவுத் திட்டத்தில் 2,05,488 வெள்ளியைக் கேளுங்கள். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்; 24 மணி நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999. அடுத்த லயத்தில் சத்தம் கேட்டால் அது குடும்ப விஷயம் என்று கதவைச் சாத்தாமல் இந்த இரண்டில் ஒன்றை நீங்களே அழையுங்கள்.